பல் பளபளக்கும் குரூசோவை ரசிப்பது எப்படி

கப்பல் உடைந்து ஆளில்லாத் தீவில் ஒதுங்கியவன் வருடக்கணக்காக அங்கே கிடந்த பிறகும் பல் பளபளக்கச் சிரிக்கிறான். சட்டையில் இரண்டே இரண்டு கிழிசல், அதுவும் தோள் தெரிகிற இடத்தில் மட்டும். இப்படியான தொடர்களைப் பார்த்து எரிச்சல்பட்டுப் பாதியில் நிறுத்தியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் நிறுத்தியவன்தான். நிறுத்தியதோடு விடாமல், பக்கத்தில் இருந்தவர்களையும் பார்க்க விடவில்லை.

நடந்தது இதுதான். மாரி பிடித்து, முகத்துவாரமும் வெட்டிவிட்டு, கடல் கரைக்கு ஏறி அடிக்கிற நாட்கள். அத்தான் தொழிலுக்குப் போகவில்லை, பிள்ளைகளுக்கு லீவு, மட்டக்களப்புக் கல்லடியில் அக்கா வீட்டில் எல்லோரும் ஒரே ரீவிக்கு முன்னால். மருமகன் 'ரொபின்சன் குரூசோ' நாவலை வைத்து எடுத்த குரூசோ தொடரைத் தேடிப் பிடித்துப் போட்டான். நான் ரிமோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அந்தக் காலத்தில் இது இல்லை", "இந்தத் துவக்கு இப்படி வெடிக்காது", "நாவலில் இவள் இல்லவே இல்லை" என்று முதல் அத்தியாயத்திலேயே பதினொரு தடவை நிறுத்தினேன். பதினொன்று என்பது மருமகன் எண்ணிய கணக்கு. பன்னிரண்டாவது தடவை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பிள்ளைகளைக் காணோம், இருந்த ஒரே குடையையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அத்தான் மட்டும் கச்சான் உடைத்தபடி இருந்தார். "மச்சான், கூத்துப் பார்க்கப் போனாலும் நீ இப்படித்தான் நடுவில எழும்பி நிண்டு சொல்லுவியா?" என்றார்.

சொல்லமாட்டேன்தான். சின்ன வயதில் விடிய விடிய வடமோடிக் கூத்துப் பார்த்தவன் நான். அர்ச்சுனன் கரப்புடுப்புக் கட்டி, தலையில் கிரீடம் வைத்து, காலில் சலங்கையோடு களரிக்கு வந்தார். இடது கையில் மணிக்கூடு. கழற்ற மறந்துவிட்டார் போல. அண்ணாவியார் மத்தளத்தில் ஒரு சுற்று அடித்து முடிக்கிற இடைவெளியில் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் அவர் நேரம் பார்த்ததையும் நான் கண்டேன். மகாபாரதத்தில் மணிக்கூடு ஏது என்று களரியைச் சுற்றி இருந்த ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அதே ஆட்கள், தாளத்துக்கு அடி ஒரு தடவை பிசகினால் போதும், பாயில் படுத்திருந்தவர்கூட எழும்பி இருந்து முகம் சுளிப்பார். அவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் இல்லை. எதைக் கேட்க வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிந்து பார்த்தவர்கள். இந்தத் தொடர்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மரவீடு சாத்தியமா என்று கேட்காதீர்கள், அந்த மரவீட்டில் நடக்கிற சண்டை விறுவிறுப்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு ஆட்களின் பேச்சு உப்புச் சப்பில்லாமல் இருந்தால் அப்போது எரிச்சல்படுங்கள், அது நியாயம்.

எதைப் பார்ப்பது? புதிதாக எத்தனையோ வந்துவிட்டன, ஆனால் பழகுவதற்கு நான் சொல்வது 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் என்பிசியில் தொடங்கிய அந்தக் 'குரூசோ'வைத்தான். பிலிப் வின்செஸ்டர் குரூசோ, டொங்காயி சிரிசா தீவில் அவனுக்குக் கூட்டாளியான பிரைடே. சாம் நீல், ஷோன் பீன் எல்லாம் இங்கிலாந்துப் பக்கக் காட்சிகளில் வருவார்கள். மொத்தம் 13 அத்தியாயம், ஒரே சீசனோடு நின்றுவிட்டது. இரவுக்கு இரண்டு என்று போட்டால் ஒரு கிழமையில் முடிந்துவிடும், அதற்கு மேல் இழுத்தால் பிள்ளைகளுக்கு விட்டுப்போய்விடும்.

பார்க்கத் தொடங்கும் முன் மூலக் கதையின் எலும்புக்கூட்டை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், முழு நாவலையும் படித்துவிட்டு உட்கார்ந்தால் என் கதிதான் உங்களுக்கும். டானியல் டிஃபோ எழுதியது, 1719இல் வெளிவந்தது. கதையில் கப்பல் உடைகிற நாள் 1659 செப்டம்பர் 30. இடம் தென்னமெரிக்காவில் ஒரினோக்கோ ஆறு கடலில் விழுகிற பக்கத்தில் ஒரு தீவு. அங்கே அவன் இருந்தது 28 வருடம், 2 மாதம், 19 நாள். அதில் முக்கால்வாசிக்கு மேல் தன்னந்தனியாக, ஆட்டுக்குட்டிகளோடும் ஒரு கிளியோடும். இவ்வளவு போதும். தொடர் எங்கெங்கே கழன்று ஓடுகிறது என்று இனி உங்களுக்கே பிடிபடும், அந்தக் கழன்று ஓடுவதில்தான் பாதி ருசி.

சரி, எங்கள் வீட்டில் இப்போது உள்ள சட்டம்: ஓடும்போது நிறுத்தக் கூடாது. ரிமோட் அக்காவிடம். பிழை கண்டவர் பழைய அப்பியாசக் கொப்பியில் ஒரு வரி எழுதலாம், வாய் திறக்கக் கூடாது. அத்தியாயம் முடிந்து பிளேன்ரி வருகிற நேரத்தில் கொப்பி திறக்கப்படும். அதிகம் பிடித்தவருக்குக் கச்சானில் பெரிய பங்கு. இந்தச் சட்டம் வந்த பிறகு பிள்ளைகள் என்னைவிடக் கூர்மையாகப் பார்க்கிறார்கள். ஒரு பிழையை ஒருத்தன் சொன்னால் மற்றவன் "அது ஏன் பிழை?" என்று கேட்பான், பதில் சொல்லாவிட்டால் புள்ளி இல்லை. அங்கேதான் நான் ரிமோட்டை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்க முயன்றதெல்லாம் தானாக நடக்கிறது.

இன்னொன்று, கையால் ஒரு தொழில் தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேசன், தச்சர், வயல் செய்கிறவர், யாராவது. புத்தகம் படித்த எனக்குத் தெரிகிற பிழைகள் வேறு, அத்தானுக்குத் தெரிகிறவை வேறு. நான் அரசர் பெயரையும் ஆண்டையும் பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தேங்காயை எடுங்கள். எந்தத் தீவுத் தொடரிலும் ஒருவன் மட்டையோடு தேங்காயைத் தூக்கிப் பாறையில் ஒரு போடு போடுவான், அது இரண்டு பாதியாகப் பிளந்து வெள்ளையாகச் சிரிக்கும். அத்தான் அப்போது ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் வளவுக்குள் அலவாங்கை நட்டு, மருமகன் கையில் ஒரு தேங்காயைக் கொடுத்து "உரி" என்றார். பையன் குத்துகிறான், மட்டை வழுக்குகிறது, தேங்காய் உருண்டு கிணற்றடிக்குப் போகிறது, ஓடிப்போய் எடுத்து வந்து மறுகா குத்துகிறான், கையெல்லாம் தும்பு. கடைசியில் பாதி மட்டையோடு ஒரு குடுமிக் காய் வந்தது. அத்தான் இன்னொன்றை எடுத்து மூன்று குத்து, மூன்று திருப்பு, மட்டை மூன்று துண்டாகக் கீழே. "இப்ப உன்ர ஆளைப் பாறையில அடிக்கச் சொல்லு" என்றார். இரும்பு இல்லாவிட்டாலும் கூராகச் சீவிய கட்டை ஒன்று நட்டால் போதும், அதைக் காட்டியிருந்தால் தொடரின் நாயகன் இன்னும் கெட்டிக்காரனாகத் தெரிந்திருப்பான் என்பது அவருடைய விமர்சனம். அது சரியான விமர்சனம்.

அந்தத் தென்னைக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. போர்த்துக்கீசர் இந்து சமுத்திரத்துக்கு வந்துபோகத் தொடங்கும்வரை அத்திலாந்திக் கரைகளில் தென்னையே கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் அவர்கள்தான் கேப் வேர்டேக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அமெரிக்கப் பக்கம் பரவியது. ஆகவே 1659இல் ஆள் குடியே இல்லாத அந்தப் பக்கத்துத் தீவில் தென்னந்தோப்பு நெருக்கமாக நிற்பது கொஞ்சம் இடிக்கும். ஆனால் தொடரில் ஏன் நிற்கிறது? தீவுக் காட்சிகளை அவர்கள் சீஷெல்ஸில் எடுத்தார்கள். திரையில் தெரிகிற கடல் எங்கள் சமுத்திரம், தென்னை எங்கள் சமுத்திரத்துத் தென்னை. இதில் வேடிக்கை என்னவென்றால், சீஷெல்ஸில் ஆட்கள் குடியேறியதே 1770இல்தான். 1659இல் அது உண்மையாகவே ஆளில்லாத் தீவு. கதைக்குப் பிழையான தீவைத் தேடிப் போனவர்கள், ஆளில்லாத தீவு என்ற ஒரு விசயத்தில் மட்டும் சரியாகப் போய் நின்றிருக்கிறார்கள்.

கயிறு அடுத்தது. தூக்குப் பாலம், கப்பி வைத்து ஏறி இறங்கும் தட்டு, பொறி, கண்ணி என்று மரவீடு முழுக்கக் கயிறு தொங்கும். பாகக் கணக்கில் கயிறு. எங்கிருந்து வந்தது? தும்பில் திரிப்பதென்றால் மட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், பிறகு எடுத்து அடிக்க வேண்டும், தும்பைக் காயவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் திரிப்பது. ஒரு ஆள் தனியாக இவ்வளவையும் செய்தால் பாலம் ஒன்றுக்கே ஒரு வருடம் போய்விடும். நாவலில் டிஃபோ இந்த இடத்தில் தப்பிவிடுகிறார். அவருடைய குரூசோ உடைந்த கப்பலுக்கு 13 நாளில் 11 தடவை போய்வந்து கயிறு, பாய், கோடரி, துவக்கு மருந்து, ஆணி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் தெப்பத்தில் கட்டி இழுத்து வருகிறான். அந்த அலைச்சல்தான் நாவலில் எனக்குப் பிடித்த பகுதி, ஒரு குடும்பம் வெள்ளத்துக்குள் வீட்டுச் சாமான் ஏற்றுகிற மாதிரி இருக்கும்.

துவக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துத் துவக்குக்கு ஒவ்வொரு வெடிக்கும் மருந்து போட்டு, குண்டு போட்டு, கோலால் இடித்து இறக்க வேண்டும். நல்ல பழக்கம் உள்ள சிப்பாய்க்கே நிமிடத்துக்கு மூன்று வெடிதான். நீந்தி வந்தவன் கையில் மருந்து நனைந்திருக்கும், நனைந்தது வெடிக்காது. நடுக்கடலில் நின்று தான் எந்த நெடுங்கோட்டில் இருக்கிறேன் என்று கச்சிதமாகச் சொல்கிற கப்தானையும் கொப்பியில் போடலாம். அதற்கு உதவிய, ஜோன் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் செய்த நான்காவது மணிக்கூடு கடலில் சோதிக்கப்பட்டதே 1761இல். மண்டையோடு போட்ட கறுப்புக் கொடி பற்றிய பதிவு 1700 அளவில்தான் வருகிறது. பலகையில் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுவது பெரும்பாலும் கதைக்காரர் கைச்சரக்கு. எல்லாம் புள்ளிதான், ஆனால் இவற்றுக்கு எங்கள் வீட்டில் அரைப் புள்ளி.

மூழ்கிய கப்பலுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெட்டி எடுத்து வருகிற காட்சி எந்தத் தொடரில் வந்தாலும் அத்தான் சிரிப்பார். எங்கள் கரைக்கு அப்பால் ஹேர்மிஸ் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். 50 மீற்றருக்கும் மேலான ஆழம். முதுகில் சிலிண்டர்களோடு வெளிநாட்டில் இருந்து வந்து இறங்குகிறவர்களே கீழே சில நிமிடம்தான் நிற்க முடியும், ஏறி வரும்போது இடையில் நின்று நின்றுதான் வர வேண்டும். ஆனால் இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொல்வார், மீன்கள் நன்றாக இருக்கிறதாம்.

கொப்பியில் எழுதுகிற ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் ஒரு உண்மைக் கதை இருந்தால் அதைப் பிடித்து இழுங்கள், தொடரைவிட அது நீளும். நல்ல உதாரணம், குரூசோவுக்கு முன்மாதிரி என்று பலரும் சொல்கிற செல்கிர்க். அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற ஸ்கொட்லாந்துக்காரன், 1704இல், தான் வந்த கப்பல் ஓட்டை, இதில் வரமாட்டேன் என்று கப்தானோடு சண்டை பிடித்துப் பசுபிக்கில் ஒரு தீவில் தானாகவே இறங்கிக்கொண்டான். கப்பல் நகர்ந்ததும் மனம் மாறிக் கூப்பிட்டிருக்கிறான், கப்தான் திரும்பிப் பார்க்கவில்லை. 4 வருடம் 4 மாதம் தனியாக. இரவில் எலி வந்து காலைக் கடிக்க, காட்டுப் பூனைகளைப் பழக்கிச் சுற்றிவரப் படுக்கவைத்தான். மருந்து தீர்ந்த பிறகு ஆட்டை ஓடியே பிடித்தான். 1709இல் மீட்டார்கள். அவன் சொன்ன மாதிரியே அந்தக் கப்பல் பிறகு மூழ்கியும் போனது. இப்போது அந்தத் தீவுக்குச் சிலி அரசாங்கம் 1966இல் வைத்த பெயர் ரொபின்சன் குரூசோ தீவு. டிஃபோவின் கதை நடப்பது வேறு சமுத்திரத்தில்! தொடர்காரரைச் சொல்லி என்ன, ஒரு அரசாங்கமே கதையின் பக்கம் சாய்ந்துவிட்டது.

எங்களுக்குச் செல்கிர்க்கைவிடக் கிட்டின ஆள் நொக்ஸ். மட்டக்களப்பில் இருந்து வாழைச்சேனை, வாகரை தாண்டி வெருகல் ஆற்றையும் கடந்து போனால் மூதூர், கொட்டியாரக் குடா. 1659 நவம்பரில் சென்னைப் பக்கம் அடித்த புயலில் பாய்மரம் போன ஆங்கிலக் கப்பல் ஒன்று, மரம் வெட்டிச் சரிபார்க்க அந்தக் குடாவுக்குள் வந்தது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்தானையும் மகன் ரொபர்ட் நொக்ஸையும் மாலுமிகளையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் செத்துப்போனார். மகன் பத்தொன்பது வருடம் இருந்தான். சங்கிலி கிடையாது, சிறைக்கூடம் கிடையாது, ஆனால் போகவும் முடியாது. தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், மூட்டை கட்டி ஊர் ஊராக வியாபாரம் செய்தான். அந்த வியாபாரத்தைச் சாட்டிக்கொண்டு வடக்கே கொஞ்சம் கொஞ்சமாக வழி பார்த்து, 1679இல் ஒரு கூட்டாளியோடு காட்டுக்குள்ளால் நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். 1681இல் இலங்கை பற்றிய அவனுடைய புத்தகம் லண்டனில் அச்சானது. டிஃபோ அதைப் படித்தவர், 1720இல் எழுதிய இன்னொரு நாவலுக்குள் நொக்ஸின் கதையைச் சுருக்கிச் சேர்த்தும் இருக்கிறார். குரூசோவின் கப்பல் உடைந்த ஆண்டு 1659, நொக்ஸின் கப்பல் பாய்மரம் முறிந்த ஆண்டும் 1659. இது தற்செயலா என்று அன்று இரவு எங்கள் வீட்டில் வாக்குவாதம் பன்னிரண்டு மணி வரை போனது. அத்தானுக்கு இதில் சந்தேகமே இல்லை, மூதூருக்கு ஒதுங்கின கப்பலைத்தான் அந்த ஆள் அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார் என்கிறார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், ஆனால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எல்லாப் பிழையும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் பழகிக்கொள்ளுங்கள். சோம்பலில் வந்த பிழை உண்டு, பல்லும் தேங்காயும் அப்படி. கதை ஓடுவதற்காகச் செய்த பிழை உண்டு: நாவலில் தீவுக்குப் போகும்போது குரூசோவுக்குக் கல்யாணமே ஆகவில்லை, தொடரில் மனைவியும் பிள்ளைகளும் ஊரில் காத்திருக்கிறார்கள், ஏனென்றால் கிளியோடு பேசுகிற ஒருவனை வைத்துப் பதின்மூன்று அத்தியாயம் எடுக்க முடியாது. வெளிநாட்டுக்குப் போன புருசனை நினைத்து ஏங்குகிற மனைவி வந்ததும் அக்கா தையலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள், அந்தப் பிழை அவளுக்குத் தேவைப்பட்டது. அப்புறம் மூலத்தைவிட நல்லதாக அமைந்த பிழையும் உண்டு. நாவலில் குரூசோவின் கப்பல் போய்க்கொண்டிருந்ததே ஆபிரிக்காவில் இருந்து அடிமைகளை ஏற்றி வரத்தான். காப்பாற்றிய ஆளின் சொந்தப் பெயரைக்கூடக் கேளாமல் பிரைடே, அதாவது வெள்ளி, என்று கிழமையின் பெயரை வைத்து, 'எசமான்' என்ற சொல்லை முதலில் சொல்லிக்கொடுக்கிறான். தொடரில் பிரைடே இவனுக்குச் சமமாக நின்று பேசுகிறான், பல இடங்களில் இவனைவிடக் கெட்டிக்காரன். 17ஆம் நூற்றாண்டுக்கு இது ஒத்துவராதுதான். எங்கள் கொப்பியில் இதற்குப் புள்ளி கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். ஆனால் பிள்ளைகளிடம் மூலத்தில் எப்படி இருந்தது என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித் தோளில் கை போட்டுத்தான் திரிந்தார்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தெரியாமல் போனால் ஏமாறுவீர்கள். இந்தத் தொடர் அடுத்த சீசன் வராமலே நின்றது. பதின்மூன்றாவது அன்று மழை விட்டிருந்தால் ரீவியை நிறுத்தி, பாயைத் திண்ணையில் போட்டு, ஆளுக்கொரு முடிவு சொல்லச் சொல்லுங்கள். மருமகன் ஒரு பெரிய சண்டையும் மூன்று கப்பலும் வைத்து முடித்தான். அத்தான் தோணி கட்டுகிற விதத்தை அரை மணித்தியாலம் விளக்கி, காற்றுத் திரும்பும்வரை காத்திருக்கவைத்து, கரை தெரிகிற இடத்தில் கொண்டுபோய் விட்டார். அக்கா தேயிலைக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அந்த வெள்ளித் தம்பி தோணியை எடுத்துக்கொண்டு தன்ர ஊருக்குப் போகட்டும். மற்றவர் மரத்தில இருக்கட்டும், அவருக்கு அங்க நல்ல வீடு இருக்குத்தானே."